முப்பது மணி நேரமும் ஒரு கையெழுத்தும்

என் மேசையின் அடி இழுப்பறையில் ஒரு கோப்பு இருக்கிறது. உள்ளே முழுக்கச் சான்றிதழ்கள். பட்டம் வாங்கித் தொழில் பார்க்கத் தொடங்கிய பிறகும் மருத்துவர் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக நடத்தப்படும் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருந்தேன் என்பதற்கான சாட்சியங்கள் அவை. தொடர் மருத்துவக் கல்வி என்பது அதன் முழுப்பெயர். நாங்கள் சொல்வது சிஎம்இ. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் கொண்டுவந்த நடத்தை விதிகளின்படி, ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரம் ஒரு மருத்துவர் இப்படிப் படித்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு மணி நேரம். திருவண்ணாமலைக் கணக்கில் சொன்னால், 14 கிலோமீட்டர் கிரிவலத்தை ஒன்றரை முறை நிதானமாக நடந்து முடிக்கும் நேரம்.

அந்த ஒன்றரைச் சுற்றைக்கூட யாருக்காக நடக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் என்னிடம் வந்தாள். பூக் கட்டிப் பிழைப்பவள். இரண்டு பிள்ளைகள். கணவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. ஒன்பது வாரக் கர்ப்பம். "கலைச்சுடுங்கம்மா" என்றாள். "வீட்டுக்காரர் வரலைன்னா இது எப்படி?" என்று கேட்டேன். ஒரு மருத்துவர் கேட்கக் கூடாத கேள்வி அது. கேட்டேன். பிறகு, கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றேன். நான் அப்போது வேலை பார்த்த தனியார் மருத்துவமனையின் படிவத்தில் அதற்கென்று ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது என்று நம்பியிருந்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அவளுடைய அம்மா அவளை ஷேர் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கே போனாள், யார் கை வைத்தது என்று அவள் சொல்லவில்லை. காய்ச்சல், நாற்றம், வயிறு பலகைபோல. உயிர் நின்றது. கருப்பை போயிற்று.

மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வந்தது 1971-இல். பதினெட்டு வயது நிறைந்த, மனநலம் குன்றாத ஒரு பெண்ணின் கர்ப்பத்தைக் கலைக்க அவளுடைய ஒப்புதல் ஒன்றே போதும் என்று அந்தச் சட்டம் அன்றே சொல்லிவிட்டது. ஒப்புதலுக்கான படிவம் 'சி'-யில் கணவர் கையெழுத்துக்கு இடமே கிடையாது. இதை எனக்குச் சொன்னது எந்தச் சிஎம்இ-யும் அல்ல. பெண்கள் அமைப்பு ஒன்று நடத்திய சிறு கூட்டத்தில், ஒரு சட்டக் கல்லூரி மாணவி அந்தப் படிவத்தை வாசித்துக் காட்டினாள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான் மருத்துவர் என்பது அவளுக்குத் தெரியாது. அன்று எனக்கு முகம் எரிந்தது.

என் அறியாமைக்கு நானே பொறுப்பு. ஆனால் கோப்பு நிறையச் சான்றிதழ்கள் இருந்தும் அந்த ஒரு வரி எனக்கு வந்து சேராமல் போனது தற்செயல் அல்ல. அதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

*

மாதத்தில் ஒரு ஞாயிறு. பௌர்ணமியை ஒட்டாத ஞாயிறாகப் பார்த்து வைப்பார்கள், கிரிவலக் கூட்டத்தில் கார் நுழையாது. இரவு ஏழரை மணி. ஏசி அரங்கு உள்ள ஒரு ஓட்டல். வாசலில் மருந்து நிறுவனத்தின் பேனர். சென்னையிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ ஒரு பேச்சாளர். சர்க்கரை நோய்க்குப் புதிதாக வந்த மாத்திரை பற்றி அறுபது ஸ்லைடு. கேள்வி நேரம் ஐந்து நிமிடம். பிறகு விருந்து. 'குடும்பத்துடன் வருக' என்று அழைப்பிதழில் இருக்கும். குடும்பம் என்றால் மருத்துவர்களின் மனைவிமார். அவர்களுக்குப் பக்கத்து அறையில் தம்போலா. பெண் மருத்துவர்கள் நாங்கள் எந்த அறையைச் சேர்ந்தவர்கள் என்பது வருபவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஒன்பது மணிக்கெல்லாம் எழுந்துவிடுவோம். வீட்டில் பிள்ளைக்கு மறுநாள் தேர்வு இருக்கும், மாமியாருக்கு மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும். அதன் பிறகு கையில் கிளாஸோடு நடக்கும் பேச்சில்தான் அடுத்த கூட்டத்தின் தலைப்பும் பேச்சாளரும் முடிவாகும்.

"லேடி டாக்டர்ஸுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை" என்று பிறகு சொல்வார்கள்.

ஓராண்டு நானும் ஏற்பாட்டுக் குழுவில் இருந்தேன். மூன்று தலைப்புகள் எழுதிக் கொடுத்தேன். கருக்கலைப்புச் சட்டம். வீட்டில் அடிபட்டு வரும் பெண்ணைப் பரிசோதிப்பது. வலிப்பு மாத்திரையும் கர்ப்பமும். குழுவில் இருந்தவர் நல்ல மனிதர், என்மேல் மரியாதை உள்ளவர். பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல டாபிக்தான் மேடம். ஆனா இதுக்கு ஸ்பான்சர் கிடைக்காதே."

எல்லாம் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. கணவர் கையெழுத்து வேண்டாம் என்று மருத்துவருக்குக் கற்றுக்கொடுப்பதால் யாருடைய விற்பனையும் கூடாது. அடிபட்டு வந்த பெண்ணுக்கு எழுதிக்கொடுக்கப் புது மாத்திரை எதுவும் இல்லை. மூன்றாவது தலைப்போ விற்பனையைக் குறைக்கும் தலைப்பு.

அந்த மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வால்ப்ரோயேட் என்பது வலிப்புக்கு நன்றாக வேலை செய்யும் பழைய, மலிவான மருந்து. கர்ப்ப காலத்தில் அதை உட்கொண்டால் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு உடற்குறைகள் வரலாம். முப்பது முதல் நாற்பது பேருக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் சிக்கல் வரலாம். கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு, கருத்தடைக்கும் ஆலோசனைக்கும் முறையான ஏற்பாடு இல்லாமல் இதைத் தரக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்கு அமைப்பு 2018-இல் கட்டுப்பாடு விதித்தது. இங்கே பதினாறு வயதில் இதை எழுதிக் கொடுப்போம். பத்தொன்பதில் திருமணமாகும். வலிப்பை மறைத்துக் கட்டிக்கொடுத்த வீட்டில் அவள் மாத்திரையையும் மறைத்து விழுங்குவாள். குழந்தை பேசத் தாமதித்தால் 'அவ வாய்க்கு வந்தது' என்று அதற்கும் அவளையே சொல்வார்கள். சீட்டு எழுதியவரை யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது தலைப்புக்கும் கணக்கு இருக்கிறது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38.1 சதவீதத்தினர் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள். என் வாசலில் காத்திருக்கும் பத்துப் பேரில் நான்கு பேர். சர்க்கரை நோயைவிட அதிகமாக நான் பார்த்திருக்க வேண்டியது இதைத்தான். பார்க்கவில்லை. தலைவலி என்று எழுதினேன், தூக்கமின்மை என்று எழுதினேன், 'மாடிப்படியில் விழுந்தார்' என்று அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். கணவனை வெளியே நிறுத்திவிட்டுப் பேச வேண்டும், காயத்தின் அளவையும் நிறத்தையும் குறித்துவைக்க வேண்டும் என்பதெல்லாம் கற்றுக்கொண்டால் வரக்கூடிய திறமைகள்தாம். கற்றுத்தர ஒரு மாலைகூட ஒதுக்கப்படவில்லை.

*

இவையெல்லாம் நீதிமன்றங்களுக்குக்கூடத் தெரிந்துவிட்டன. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரையிலான கருக்கலைப்பில் சம உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தபோது, குடும்பத்தாரின் ஒப்புதல், ஆவணச் சான்று என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிப்பதையும் கண்டித்தது. நான் விதித்த அதே நிபந்தனையைத்தான். அடுத்த மாதம், அக்டோபர் 31 அன்று, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இருவிரல் பரிசோதனை செய்பவர்கள் நடத்தைக் கேட்டுக் குற்றவாளிகளாகக் கருதப்படுவார்கள் என்று சொன்னது. மருத்துவர்களுக்குப் பயிலரங்கு நடத்துங்கள் என்றும் அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் மதுரைக் கிளையில் சென்னை உயர் நீதிமன்றமும் இந்தப் பரிசோதனையைத் தடை செய்யச் சொல்லியிருந்தது. இது கூடாது என்று மத்தியச் சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது 2014-இல்.

வழிகாட்டுதலுக்கும் தீர்ப்புக்கும் இடையே எட்டு ஆண்டுகள். அதாவது அறுபது சான்றிதழ் மணி நேரத்தில் பெரும்பகுதி. ஒரு பெண்ணின் உடலில் இரண்டு விரலை வைத்து அவள் 'பழக்கப்பட்டவளா' என்று பார்ப்பது அறிவியல் அல்ல என்பதை மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வேண்டியிருந்தது. மருத்துவ உலகம் வெட்கப்பட வேண்டிய செய்தி இது.

மருத்துவருக்கு முன்னால் பெண்கள் கற்றுக்கொண்ட கதை புதிதும் அல்ல. 1980-களில், மாதவிடாய் தள்ளிப்போனால் கர்ப்பமா என்று பார்க்க அதிக வீரியமுள்ள ஈஸ்ட்ரோஜன்-புரோஜெஸ்டிரோன் மருந்தை எழுதிக் கொடுக்கும் வழக்கம் நாடு முழுக்க இருந்தது. கருவில் குறைபாடு உண்டாக்கக்கூடும் என்ற எச்சரிக்கை வந்த பிறகும் இருந்தது. 1982-இல் அரசு தடை போட்டது, நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. பெண்கள் அமைப்புகளும் மக்கள் நலவாழ்வு இயக்கங்களும் தெருவிலும் நீதிமன்றத்திலும் விடாமல் நின்றன. 1988-இல் அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டுகளில் மருத்துவருக்குப் பாடம் நடத்தியது விற்பனைப் பிரதிநிதி. அந்தப் பாடம் தவறு என்று எழுதிக் காட்டியது பெண்கள். 'நோயாளிக்கு மருத்துவம் புரியாது' என்று யாராவது சொன்னால் இதை நினைவூட்டுங்கள்.

*

பணத்தை வெட்ட முயன்றதே இல்லையா என்றால், முயன்றார்கள். மருந்து நிறுவனங்களிடம் பரிசு, பயணம், விருந்தோம்பல் எதையும் மருத்துவர் ஏற்கக் கூடாது என்று 2009 டிசம்பரில் மருத்துவக் கவுன்சில் விதி திருத்தியது. அப்படிக் கொடுத்த இலவசங்களை நிறுவனங்கள் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனங்கள் பணம் போடும் கல்விக் கூட்டங்களுக்கே மருத்துவர் போகக் கூடாது என்ற விதி, தேசிய மருத்துவ ஆணையத்தின் புதிய ஒழுங்குமுறைகளில் 2023 ஆகஸ்ட் 2 அன்று வந்தது. பொதுப்பெயரில் மருந்து எழுத வேண்டும் என்ற விதி உட்படப் பலவற்றுக்கும் எதிர்ப்பு எழுந்தது. ஆகஸ்ட் 23 அன்று ஒழுங்குமுறைகள் மொத்தமாக நிறுத்திவைக்கப்பட்டன. மூன்று வாரம்! 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறிமுறை வெளிநாட்டுக் கூட்டங்களைத் தடுத்தது. உள்நாட்டில் நிறுவனங்கள் கூட்டம் நடத்தலாம், வெளிப்படையாக நடத்துங்கள் என்றது. பேனர் வெளிப்படையாகத்தான் தொங்குகிறது. அதில் என்ன குறை?

பணம் யார் கொடுப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். அரங்கு வேண்டுமென்றால் 2013 முதல் இந்த ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பேச்சாளர் வேண்டுமென்றால் அங்கேயே துறைவாரியாகப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். டீயும் சுண்டலும் நாமே வாங்கலாம். பட்டர் நானும் காக்டெயிலும் இல்லாவிட்டால் அறிவு உள்ளே இறங்காது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. ஆய்வு சொல்வது வேறு. கனடாவின் டேவ் டேவிஸும் அவரோடு பணிசெய்தவர்களும் 1999-இல் இதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். உட்கார்ந்து கேட்கும் விரிவுரை மட்டும் மருத்துவரின் நடைமுறையை மாற்றுவதில்லை. கேள்வி கேட்டு, செய்து பார்த்து, விவாதிக்கும் அமர்வுகளே மாற்றுகின்றன. கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. நாம் இன்னும் அறுபது ஸ்லைடு பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நல்ல வழி தெரியாமலும் இல்லை. பக்கத்து ஊரான வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, தொழில் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவர்களுக்குத் தொலைநிலைக் கல்வியில் குடும்ப மருத்துவம் நடத்துகிறது. அன்றாடம் வாசலுக்கு வரும் பிரச்சினைகளே அங்கே பாடம். அதைவிட முக்கியமான பள்ளிக்கூடம் ஒன்று அரசிடமே இருக்கிறது. தாய்மரணத் தணிக்கை. பிரசவத்தை ஒட்டி ஒரு பெண் இறந்தால், எங்கே தாமதமானது, யார் பார்த்தார்கள், ரத்தம் எப்போது கிடைத்தது, ஏன் இன்னோர் ஊருக்கு அனுப்பப்பட்டாள் என்று ஒவ்வொரு மரணத்தையும் பிரித்துப் பார்க்கும் முறை. 1990-களிலேயே தமிழ்நாடு இதைத் தொடங்கிவிட்டது. 2010-இன் தேசிய வழிகாட்டுதலின்படி, மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வில் இறந்தவளின் உறவினரும் உட்காரலாம். 2001-03-இல் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 134 ஆக இருந்த தாய்மரணம், 2018-20-இல் 54 ஆகக் குறைந்தது. பல காரணங்கள் உண்டு. மரணத்திடமிருந்து கற்றுக்கொண்டது அவற்றில் ஒன்று.

ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தின் நுழைவுக் கட்டணத்தைப் பாருங்கள். ஒரு பெண் எங்களுக்குப் பாடமாக வேண்டும் என்றால் அவள் செத்தாக வேண்டும். கருப்பையை இழந்து உயிரோடு வீடு திரும்பிய பூக்காரப் பெண் எந்தத் தணிக்கையிலும் வரமாட்டாள். அவள் பிழைத்துவிட்டாள். எனவே அவளிடமிருந்து யாரும் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை.

2018 டிசம்பரில் இதே ஊரில், மருத்துவம் படிக்காத ஒரு பெண் கருக்கலைப்பு செய்துவந்ததாகக் கைது செய்யப்பட்டார். ஊரே அதிர்ச்சி அடைந்தது. மருத்துவர்களும் 'போலி' என்று கொதித்தார்கள். கொதிக்க வேண்டியதுதான். 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு உட்பட்டோரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 930 பெண் குழந்தைகளே இருந்த மாவட்டம் இது. மாநிலச் சராசரி 943. பெண் கருவென்று தெரிந்து கலைப்பவர்களை நான் காக்க வரவில்லை. ஆனால் அப்படிப்பட்ட வாசல்களுக்குப் போன எல்லோரும் அதற்காகவா போனார்கள்? 'கையெழுத்து வாங்கி வா' என்று எங்களைப் போன்றவர்கள் திருப்பி அனுப்பியவர்கள் அந்த வரிசையில் எத்தனை பேர்? போலி மருத்துவரைக் கைது செய்யக் காவல்துறை போதும். அவரிடம் போகவைத்த அசல் மருத்துவரைத் திருத்தக் கல்வி வேண்டும்.

*

ஆகவே நான் கேட்பது இவை.

தொடர் மருத்துவக் கல்வியைத் திட்டமிடும் ஒவ்வொரு குழுவிலும் மருத்துவர் அல்லாத பெண்கள் இருக்க வேண்டும். கிராமச் சுகாதாரச் செவிலியர், பெண்கள் அமைப்பிலிருந்து ஒருவர், சிகிச்சையில் பாதிக்கப்பட்டு அதைப் பேசத் தயாராக இருக்கும் ஒருவர். தலைப்பை அவர்கள் முன்மொழியட்டும். நிறுவனங்களின் பணம் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

கூட்டம் பகலில் நடக்கட்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் ஆளும் இருக்கட்டும். ஆண் மருத்துவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு என்பதை அவர்களும் அன்று தெரிந்துகொள்வார்கள். செவிலியர்களும் அதே அறையில் உட்காரட்டும். மருத்துவர் தவறு செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள் அவர்கள்தான். வாய் திறக்க முடியாமல் நிற்பவர்களும் அவர்கள்தான்.

ஆண்டில் ஒருமுறையாவது போளூர் வழியாக மலையேறி ஜமுனாமரத்தூரில் கூட்டம் நடக்கட்டும். ஜவ்வாது மலையிலிருந்து பிரசவ வலியோடு இறங்கிவரும் பெண்ணை 'ஏன் இவ்வளவு லேட்டு?' என்று திட்டுவதற்கு முன், அந்த வளைவுகளை ஒருமுறை நாமும் கடந்திருப்போம்.

ஐந்து ஆண்டுகளின் முப்பது மணி நேரத்தில் ஆறு மணி நேரமாவது ஒப்புதல், வன்முறை, கருக்கலைப்புச் சட்டம், பாலியல் வன்முறைப் பரிசோதனை ஆகியவற்றுக்குக் கட்டாயமாகட்டும். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவருக்கு மதிப்பெண் வேண்டாம். ஆறு மாதம் கழித்து அவருடைய ஒப்புதல் படிவத்தில் கணவருக்கான கோடு இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.

'மகளிர் தினத்துக்குப் பெண் டாக்டர்களை வைத்து நடத்துகிறோமே' என்பார்கள். தெரியும். மார்ச் மாதக் கூட்டம். ஊதா நிறப் பேனர், இரும்புச் சத்து டானிக் நிறுவனத்தின் உபயம், ரத்தசோகை பற்றி அரை மணி நேரம், கோலப்போட்டிக்குப் பரிசு. இந்த ஊர்க்காரர்களுக்கு இது பழகிய காட்சிதான். அம்பாள் தவமிருந்து இறைவனின் பாதி உடலைப் பெற்ற தலம் என்று பெருமை பேசுகிறோம். அந்த அர்த்தநாரீசுவரர் கார்த்திகை தீபத்தன்று மாலையில் வெளியே வந்து, சில நிமிடம் ஆடிக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். பாதி என்று சொல்லிவிட்டு ஆண்டுக்குச் சில நிமிடம் கொடுக்கும் கணக்கை நாங்கள் கோயிலிலிருந்து கற்றோமா, கோயில் எங்களிடமிருந்து கற்றதா என்று தெரியவில்லை.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கும் பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் திருந்தும்வரை காத்திருக்காதீர்கள். மருத்துவர் 'கணவரைக் கூட்டிவா' என்றால், 'எந்தச் சட்டத்தில் இருக்கிறது டாக்டர்?' என்று கேளுங்கள். வலிப்பு மாத்திரை எழுதினால், 'நாளை நான் கர்ப்பமானால் இது என்ன செய்யும்?' என்று கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், ஒரு தோழியைக் கூட்டிப் போங்கள். அவர் எரிச்சல்படுவார். எரிச்சல்பட்டாலும் அன்றிரவு புத்தகத்தை எடுத்துப் பார்ப்பார். நான் பார்த்தேன்.

அந்தப் பூக்காரப் பெண் இப்போதும் என்னிடம் வருகிறாள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் வருவாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "உங்களுக்கு என்னம்மா தெரியும், படிவத்துல இருந்ததைச் சொன்னீங்க" என்றாள். எனக்குத் தெரியாமல் இருந்தது அவளுக்கு இயல்பாகப் பட்டது. அதை என்னால் தாங்க முடியவில்லை.